மலைக்குள் ஓர் உப்பளம்

முதல் நாள்: வெள்ளி, அக்டோபர் 3

இன்று ஜெர்மனி முழுக்க விடுமுறை. 1990-இல் கிழக்கும் மேற்கும் ஒன்று சேர்ந்த நாள். கடைகள் பூட்டு, நூலகம் பூட்டு, குளிர்காலப் பருவ வகுப்புகள் தொடங்கவும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது. மூனிக்கில் அறைக்குள் உட்கார்ந்து என்ன செய்ய? நான்கு பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

நான்கு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் அறைத் தோழன் கோயம்புத்தூர்க்காரன். ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும் அக்காவுக்குப் பெற்றோர் யாழ்ப்பாணம், பிறந்து வளர்ந்தது இங்கே ஹாம் நகரத்தில். அங்கே இருக்கிற காமாட்சி அம்மன் கோயில் தேருக்குச் சின்ன வயதிலிருந்து வடம் பிடித்தவள். நான்காவது, எங்கள் வகுப்பில் படிக்கும் போலந்துப் பெண். நான் தூத்துக்குடி, முள்ளக்காட்டுப் பக்கம்.

போகிற இடம் பெர்ஷ்டெஸ்காடன். ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில், மூன்று பக்கமும் ஆஸ்திரியா சூழ்ந்த மலையூர். மற்றவர்களுக்கு ஏரி பார்க்க ஆசை. எனக்கு ஒரு உப்புப் பொட்டலத்தோடு கணக்கு இருக்கிறது.

போன வருஷம் இங்கே வந்த முதல் வாரம் சூப்பர் மார்க்கெட்டில் உப்பு வாங்கினேன். பொட்டலத்தில் ‘பாட் ரைஷன்ஹாலர்’ என்று போட்டிருந்தது. அது ஒரு ஊரின் பெயர் என்று அப்புறம்தான் தெரிந்தது. வரைபடத்தில் தேடினால், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். பக்கத்தில் இருக்கிற கடல் என்றால் மலைத்தொடர் முழுவதையும் தாண்டி அந்தப் புறம் இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உப்பளம்தான் தொழில். அப்பா ஐந்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறார். உப்பு என்றால் எனக்குத் தெரிந்தது கடலும் வெயிலும்தான். போனில் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மலையில உப்பா? ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுய்யா” என்றார். அது சொல்லி ஒரு வருஷமாகிறது.

ரயிலுக்குத் தனியாகச் செலவில்லை. நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் போகிற மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-இல் 58 ஆனது. மாணவர்களுக்கு அதிலும் சலுகை உண்டு. அதிவேக ரயிலில் மட்டும் ஏற முடியாது. அதனால் ரோசன்ஹைம், கீம்ஸே ஏரி, ட்ரவுன்ஷ்டைன் என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போனோம். நின்று போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ரோசன்ஹைம் தாண்டியதும் வலது பக்கம் மலைகள் வரிசை கட்டி நிற்க ஆரம்பித்தன. கோயம்புத்தூரான் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. “மருதமலை பஸ்ல போற மாதிரியே இருக்குடா” என்றான். அவனுக்கு எந்த மலையைப் பார்த்தாலும் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

ஃப்ரைலாசிங்கில் மாற வேண்டிய ரயில் எங்கள் கண் முன்னாலேயே கிளம்பிப் போனது. அடுத்த ரயில் பிடித்தபோது அக்கா சொன்னாள்: “எப்பிடியும் பிந்திப்போச்சு. உம்மட உப்பு ஊர் வழியிலதானே இருக்கு? இறங்கிப் பாத்திட்டுப் போவம்.”

அப்படித்தான் பாட் ரைஷன்ஹாலில் இறங்கினோம்.

ஊர்ப் பூங்காவுக்கு நடுவில் ஒரு பெரிய மரக் கட்டடம். நீளம் 160 மீட்டருக்கு மேல். 1912-இல் முடித்தது. மூன்று ஆள் உயரத்துக்கும் மேலே, சுவருக்குப் பதிலாக முட்செடிக் குச்சிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். உச்சியிலிருந்து உப்புத் தண்ணீர் அந்தக் குச்சிகள் மேல் சொட்டுச் சொட்டாக வடிகிறது. சுற்றிலும் நடைபாதை. வயதானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விடுகிறார்கள். நுரையீரலுக்கு நல்லது என்று அதற்காகவே இந்த ஊருக்கு வருகிறார்கள்.

பக்கத்தில் போனேன். முதலில் வந்தது வாசனைதான். ஈர உப்பின் வாசனை; கொஞ்சம் சேறு, கொஞ்சம் இரும்பு கலந்த மாதிரி. பங்குனி மாதம் காலை ஐந்து மணிக்கு அப்பாவோடு சைக்கிளில் போய்ப் பாத்தி வரப்பில் இறங்கும்போது மூக்கில் ஏறுமே, அதே வாசனை. பதினான்கு மாதமாகிவிட்டது அதை முகர்ந்து. அங்கேயே நின்றுவிட்டேன். போலந்துப் பெண் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கு அந்தக் கட்டடத்தின் வேலை புரிந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த மாதிரி முள் சுவர்களை முதலில் கட்டியது மூச்சு விடுவதற்காக அல்ல. உப்பு குறைவாக இருக்கிற ஊற்றுத் தண்ணீரை அப்படியே காய்ச்சினால் விறகு கட்டுப்படியாகாது. அதனால் முட்கள் மேல் வடியவிட்டால் காற்று தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், மிச்சத் தண்ணீர் கனத்துவிடும். அதற்கப்புறம் அடுப்பில் ஏற்றுவார்கள். நாங்கள் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி வெயிலில் கனக்க விடுகிறோமே, அதே வேலை. எங்களுக்கு இடம் தரையில் படுத்திருக்கிறது, இங்கே சுவராக நிற்கிறது.

குச்சிகளைத் தொட்டுப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் கல் மாதிரி ஏடு பிடித்திருந்தது. உப்பு அல்ல, சுண்ணாம்பும் ஜிப்சமும். எங்கள் பாத்தியிலும் உப்பு விழுவதற்கு முன்னால் ஜிப்சம்தான் முதலில் அடியில் படியும். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஊரில் அப்போது இரவு எட்டு மணி இருக்கும். “இது என்ன முள்ளு?” என்று மட்டும் பதில் வந்தது. இங்கே பெரும்பாலும் ஒரு வகைக் காட்டு பிளம்ஸ் செடியின் முள் என்று எழுதினேன்.

இருட்டிய பிறகுதான் பெர்ஷ்டெஸ்காடன் வந்து சேர்ந்தோம். இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய ரயில் நிலையமா என்று கோயம்புத்தூரான் கேட்டான். நாஜிக் காலத்தில் கட்டியது. மேலே ஓபர்சால்ட்ஸ்பெர்க்கில்தான் ஹிட்லரின் மலை வீடு இருந்தது. அந்த இடத்தின் பெயரிலும் உப்பு இருக்கிறது, ‘சால்ட்ஸ்’ என்றால் உப்பு. அங்கே இப்போது ஆவணக் காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அக்கா சொன்னாள்: “அங்க கட்டாயம் போகவேணும். ஆனா ஏரிக்கும் சுரங்கத்துக்கும் நடுவில ஒரு மணித்தியாலம் ஒதுக்கிப் பாக்கிற இடமில்லை அது. அதுக்கெண்டு ஒரு முழு நாள் வருவம்.” யாரும் மறுத்துப் பேசவில்லை.

விடுதியில் படுக்கை விரிப்பை நாமேதான் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிவிட்டுப் படுத்தாயிற்று.

இரண்டாம் நாள்: சனி, அக்டோபர் 4

காலையில் பேக்கரியில் பிரெட்செல் வாங்கினோம். முறுக்கு மாதிரி பின்னிய ரொட்டி, மேலே கல்லுப்பு தூவியிருக்கும். போலந்துப் பெண் உப்பைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டாள். தட்டிய உப்பை நான் பொறுக்கித் தின்றேன். எங்கள் வீட்டில் உப்பைக் கீழே சிந்தினால் ஆச்சி விடமாட்டாள்.

பேருந்தில் கால் மணி நேரத்துக்குள் கோனிக்ஸே ஏரி. நீளம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர், ஆழம் 190 மீட்டர் வரை. இரண்டு பக்கமும் பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. கரையோரம் பாதை போட இடமே இல்லை. உள்ளே போகப் படகுதான் வழி. 1909-இலிருந்து இங்கே மின் படகுகள் ஓடுகின்றன. மூனிக்கும் இந்தப் பக்கமும் அடங்கிய பவேரியாவில் அப்போது ஆட்சியில் இருந்த லூயிட்போல்ட் வேட்டைப் பிரியர், இன்ஜின் சத்தத்தில் மான்கள் மிரண்டுவிடக்கூடாது என்று அந்த ஏற்பாடு என்கிறார்கள். வேட்டைக்காக வந்த அமைதி, இப்போது 1978-இலிருந்து தேசியப் பூங்கா என்ற பெயரில் காப்பாற்றப்படுகிறது. ஏரித் தண்ணீர் குடிக்கிற அளவுக்குச் சுத்தம்.

பனிமூட்டம் தண்ணீர் மேல் படுத்திருந்தது. பாதி ஏரியில் படகோட்டி மோட்டாரை நிறுத்தினார். ஒரு ஊதுகொம்பை எடுத்துப் பாறையைப் பார்த்து நாலு சுரம் வாசித்தார். நிறுத்தினார். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் நின்று அதே நாலு சுரத்தை வாசிப்பது போலப் பாறையிலிருந்து திரும்பி வந்தது. படகில் அறுபது எழுபது பேர் இருந்திருப்போம், ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. முன்காலத்தில் கொம்புக்குப் பதில் வெடி போடுவார்களாம்.

சங்க்ட் பார்த்தலோமே தேவாலயம் எல்லா நாட்காட்டியிலும் வருகிற இடம். சிவப்பு வெங்காயத்தைக் கவிழ்த்த மாதிரிக் கோபுரங்கள், பின்னால் வாட்ஸ்மன் மலையின் கிழக்கு முகம் செங்குத்தாக நிற்கிறது. வாட்ஸ்மன் 2713 மீட்டர். கொடுங்கோல் அரசன் ஒருவன் குடும்பத்தோடு கல்லாகச் சபிக்கப்பட்டான், பெரிய சிகரம் அவன், பக்கத்துச் சிகரங்கள் மனைவி மக்கள் என்பது கதை. கூட்டம் அதிகமாக இருந்ததால் நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை. அடுத்த படகில் ஏரியின் கடைசி முனையான சாலெட்டுக்குப் போய், அங்கிருந்து கால் மணி நேரம் நடந்து ஓபர்ஸே என்கிற சின்ன ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். அக்கா கட்டி வந்த புளிச்சாதம், கோயம்புத்தூரான் வறுத்த உருளைக்கிழங்கு. எதிர்ப் பாறையில் ரோட்பாக் அருவி வெள்ளை நூலாகத் தொங்கியது. 470 மீட்டர், ஜெர்மனியிலேயே உயரமானது. அக்டோபர் என்பதால் தண்ணீர் குறைவு. ஏரி கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்ததில் மலை தலைகீழாக முழுசாகத் தெரிந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை. நேரில்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் இன்றைய நாள் எனக்கு ஏரியால் நிறையவில்லை. மாடுகளால் நிறைந்தது.

திரும்பி சாலெட் வந்தபோது மணிச் சத்தம் கேட்டது. கோடை முழுக்க மலை மேய்ச்சலில் இருந்த மாடுகளைக் குளிருக்கு முன்னால் கீழே கொண்டுவருகிற நேரம் இது. மற்ற ஊர்களில் மாடுகள் நடந்து இறங்கிவிடும். இங்கே சாலை இல்லையே, அதனால் தட்டையான பெரிய படகில் ஏற்றி ஏரியைக் கடக்கிறார்கள். எங்கள் படகு கிளம்பும்போது முன்னால் ஒரு மாட்டுப் படகு போய்க்கொண்டிருந்தது. பழுப்பும் வெள்ளையுமாக அத்தனை மாடும் ஒரே திசையைப் பார்த்து நின்றன.

படகுத்துறையில் இறங்கியதும் ஓடிப்போய் வேடிக்கை பார்க்க நின்றோம். ஒரு இளம் மாடு மட்டும் படகை விட்டு இறங்க மாட்டேன் என்று காலை ஊன்றி நின்றது. இழுத்துப் பார்த்தார்கள், பின்னால் தட்டிப் பார்த்தார்கள். அப்போது மலையில் அவற்றை மேய்த்த பெண், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், இடுப்பில் கட்டியிருந்த தோல் பையில் கைவிட்டு எதையோ அள்ளினாள். உள்ளங்கையை மாட்டின் மூக்குக்குக் கீழே நீட்டினாள். மாடு சொரசொரப்பான நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது. அவள் ஒரு அடி பின்னால் போனாள். மாடும் ஒரு அடி வந்தது. இன்னொரு பிடி, இன்னொரு அடி. அப்படியே கரைக்கு வந்துவிட்டது.

அக்கா போய் அது என்ன என்று கேட்டு வந்தாள். தவிடும் உப்பும் கலந்தது. ‘க்ளெக்’ என்று இந்தப் பக்கத்தில் பெயர். மலையில் மாடு எங்கே மேய்ந்தாலும் உப்புக்குத்தான் கூப்பிட்ட குரலுக்கு வருமாம்.

கரை சேர்ந்த பிறகுதான் அலங்காரம். பைன் இனத்துச் சின்ன மரத்தின் நுனியை வெட்டி, சீவிய மரச் சுருள்களுக்குச் சாயம் ஏற்றி, கிரீடம் மாதிரி கட்டி மாட்டின் தலையில் வைக்கிறார்கள். மலையிலேயே ஏன் கட்டுவதில்லை என்றால், ஏரி தாண்டிப் பத்திரமாக வந்து சேர்ந்தால்தான் கொண்டாட்டம். அந்தக் கோடையில் ஏதாவது அசம்பாவிதம் நடந்திருந்தால் அலங்காரமே கிடையாது. ஒரு பெரியவர் ஒவ்வொரு மாட்டிடமும் நின்று, கிரீடத்தைக் கட்டி, சரியாக நிற்கிறதா என்று ஒரு எட்டு பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, கழுத்தைத் தட்டிக் கொடுத்து அனுப்பினார். மாட்டுப் பொங்கலன்று எங்கள் தெருக்கோடி வீட்டுத் தாத்தா கொம்புக்கு வர்ணம் அடித்துவிட்டு இதே மாதிரி பின்னால் போய் நின்று பார்ப்பார்.

மணிகள் ஆட ஆட மாடுகள் ஊருக்குள் நடந்தன. நாங்களும் பின்னாலேயே பாதி தூரம் நடந்தோம்.

மூன்றாம் நாள்: ஞாயிறு, அக்டோபர் 5

இன்று சுரங்கம். காலையில் மழை. விடுதியில் இருந்த பலர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். எங்களுக்கு மழையால் ஒன்றுமில்லை.

போலந்துப் பெண் வழியெல்லாம் தன் நாட்டு வியலிச்கா சுரங்கத்தைப் பற்றிச் சொல்லி வந்தாள். பள்ளிச் சுற்றுலாவில் போனாளாம். பூமிக்கு அடியில் உப்பிலேயே செதுக்கிய தேவாலயம், சரவிளக்குகூட உப்புப் படிகத்தில். “அதற்குப் பக்கத்தில் இது சின்னதுதான், இருந்தாலும் பார்ப்போம்” என்றாள். அவள் ஊர்ப் பெருமை எனக்குப் பிடித்தது. குஜராத்துக்கு அடுத்து இந்தியாவில் அதிகம் உப்பு விளைவது எங்கள் தூத்துக்குடியில்தான் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

பெர்ஷ்டெஸ்காடன் சுரங்கம் 1517-இல் தொடங்கியது. இன்றைக்கும் வேலை நடக்கிறது. சுற்றிலும் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: சால்ட்ஸ்பர்க், அதன் ஆறு சால்சாக், ரைஷன்ஹால், ஹாலைன். ‘சால்ட்ஸ்’ வந்தாலும் உப்பு, ‘ஹால்’ வந்தாலும் பெரும்பாலும் உப்புத்தான். பெர்ஷ்டெஸ்காடன் ஒரு மடத்துத் தலைவரின் கீழ் தனிச் சிற்றரசாகப் பல நூற்றாண்டு நின்றதே இந்த உப்பை வைத்துத்தான். 1611-இல் சால்ட்ஸ்பர்க் பேராயர் படை அனுப்பி இந்த ஊரைப் பிடித்தார். பவேரியா திருப்பி அடித்தது. பேராயர் பதவி இழந்து, சிறையிலேயே இறந்தார். எல்லாம் உப்புக்காக. 1930-இல் வேதாரண்யத்தில் ராஜாஜியோடு போனவர்கள் ஒரு பிடி உப்புக்காகத்தான் அடி வாங்கினார்கள் என்று நான் சொல்ல, அக்கா அதைப் போலந்துப் பெண்ணுக்கு ஜெர்மன் மொழியில் விளக்கினாள். ஒரு பிடி உப்புக்கு எதற்கு அடி என்று அவள் கேட்டாள். உப்புக்கு வரி போட்டால் அதிலிருந்து ஏழைகூடத் தப்ப முடியாது, கஞ்சிக்கும் உப்பு வேண்டுமே என்றேன்.

உள்ளே போகுமுன் சுரங்கத் தொழிலாளிகள் போடுகிற மாதிரி ஒரு அங்கி தருகிறார்கள். குறுகலான குட்டி ரயிலில், குதிரை மேல் உட்காருவது போல இரண்டு பக்கமும் காலைப் போட்டு, ஒருவர் முதுகை ஒருவர் பிடித்து உட்கார வேண்டும். கிளம்பியதும் சட்டென்று குளிர் முகத்தில் அடித்தது. வருஷம் முழுக்க உள்ளே 12 டிகிரிதான்.

அப்புறம் சறுக்கு. தொழிலாளிகள் கீழ்த் தளத்துக்கு இறங்க வைத்திருக்கும் மரச் சறுக்கு, 34 மீட்டர். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து விட்டோம். கோயம்புத்தூரான் போட்ட கூச்சல் குகை முழுக்கக் கேட்டது. கீழே இறங்கி நிமிர்ந்து பார்த்தால், மேலே தூணே இல்லாத ஒரு பெரிய கூடம்.

கூட்டம் நகர்ந்தது. நான் சுவர்ப் பக்கம் ஒதுங்கிக் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. சிவப்பும் சாம்பலும் வெள்ளையும் கலந்து வரிவரியாக, வெட்டி வைத்த ஆட்டிறைச்சி மாதிரி இருந்தது பாறை. விரலை நாக்கில் வைத்தேன். உப்பு. நல்ல உப்பு. கடுகடுப்போ கசப்போ இல்லை.

எங்களை அழைத்துப் போனவர் நரைத்த மீசை வைத்த பெரியவர். அவருடைய பவேரிய ஜெர்மன் எனக்குப் பாதிதான் புரிந்தது, மிச்சத்தை அக்கா காதருகே சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தப் பாறை சுத்த உப்பு அல்ல. களிமண், ஜிப்சம் எல்லாம் கலந்தது. அதனால் வெட்டி எடுத்துப் பயனில்லை. பாறைக்குள் ஒரு குழியைத் தோண்டி, நல்ல தண்ணீரை விடுகிறார்கள். தண்ணீர் மேல்கூரையிலிருந்து உப்பைக் கரைத்துக் குடிக்கிறது, மண் அடியில் தங்கிவிடுகிறது. கூரை ஒரு நாளைக்கு 1 சென்டிமீட்டர் அளவுக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும். இனிமேல் கரைக்க முடியாது என்கிற அளவுக்குத் தண்ணீர் உப்பானதும் அதை இறைத்துக் குழாயில் ரைஷன்ஹாலுக்கு அனுப்பிக் காய்ச்சுகிறார்கள். என் சமையலறைப் பொட்டலத்துக்கு உப்பு வருவது அங்கிருந்துதான்.

“இந்த உப்பு எப்படி மலைக்குள் வந்தது?” என்று ஒரு சிறுவன் கேட்டான். பெரியவர் சொன்ன பதிலைக் கேட்கத்தான் நான் இங்கே வந்தேன் என்று தோன்றியது. 25 கோடி வருஷங்களுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. ஆழமில்லாத கடல். வெயிலில் வற்றியது, உப்பு படிந்தது, மறுபடி கடல் வந்தது, மறுபடி வற்றியது. அதன் மேல் மண் மூடி, பின்னால் ஆல்ப்ஸ் மலை எழுந்தபோது உப்பும் சேர்ந்து மடிந்து மேலே வந்துவிட்டது.

அப்படியென்றால் இது உப்பளம்தானே! தண்ணீர் பாய்ச்ச ஆளில்லை, வார ஆளில்லை, ஆனால் வேலை செய்தது அதே கடலும் அதே வெயிலும். வெளிச்சமே படாத இருட்டுக்குள் அந்த வெயிலின் விளைச்சலைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்பா உப்புப் பாத்தியின் வெள்ளையில் முப்பது வருஷமாகக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, நிழலில் உட்கார்ந்திருக்கும்போதும் கண்ணைச் சுருக்கியே வைத்திருப்பார். அவரை இங்கே கூட்டிவந்து, இந்த இருட்டில் கண்ணை நன்றாகத் திறந்து உப்பைப் பார்க்க வைக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

ஒரு கூடத்தில் ராட்சத பம்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள். ரைஷன்பாக் என்ற பொறியாளர் 1817-இல் அமைத்தது. நீராவி இல்லை, மின்சாரம் இல்லை. மலையிலிருந்து விழும் தண்ணீரின் அழுத்தத்தாலேயே உப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் 356 மீட்டர் உயரம் ஏற்றி, மரத்தைக் குடைந்து செய்த குழாய்கள் வழியாக மலை தாண்டி அனுப்பியது. நூறு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. இயந்திரவியல் படிக்கிற கோயம்புத்தூரான் அதை விட்டு நகர மாட்டேன் என்றான். வால்வு வால்வாகக் காட்டி எனக்கு விளக்கினான். அவன் அப்பா பம்புசெட் பட்டறை வைத்திருக்கிறார்.

கடைசியில் ஒரு ஏரி. மலைக்குள், இருட்டில், உப்புத் தண்ணீர் ஏரி. பலகை மாதிரி ஒரு படகில் கடந்தோம். அக்கரையில் நான் பெரியவரிடம் போய், இந்தத் தண்ணீர் எத்தனை சதவீதம் என்று கேட்டேன். 26.5 என்றார் யோசிக்காமல். என் மனசுக்குள் கணக்கு ஓடியது. உப்பளத்தில் தண்ணீரின் கனத்தை நாங்கள் டிகிரியில் சொல்வோம். கடல் தண்ணீர் 3 டிகிரி வாக்கில் இருக்கும். 25 டிகிரிக்கு வந்தால் உப்பு விழும். 29-ஐத் தாண்டவிட்டால் கசப்பு ஏறிவிடும், வடித்துவிட வேண்டும். அந்த 25 டிகிரித் தண்ணீரில் இருக்கிற உப்பும் ஏறக்குறைய இதே 26 சதவீதம்தான்.

அக்காவைச் சொல்லச் சொன்னேன்: “என் அப்பா இந்தியாவில் உப்பு விளைவிக்கிறவர். கடலோரம், தரையில், வெயிலில்.”

அவர் மற்றவர்களைப் போகவிட்டு நின்றார். என்னைப் பார்த்து நேராகக் கேட்டார்: “மழை வந்தால் என்ன செய்வீர்கள்?”

தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. ஐப்பசியில் மழை இறங்கினால் அந்த வருஷ வேலை முடிந்தது, வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்துப் பனையோலை போட்டு மூடிவிட்டுத் தை வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றேன். மூடுவதற்குள் மழை வந்துவிட்டால்? கரைந்து போகும் என்றேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார். “இங்கே நல்ல தண்ணீர்தான் எங்களுக்கு வேலைக்காரன். அங்கே அதுதான் திருடன்” என்றார். பிறகு கையைக் கொடுத்து, சுரங்கக்காரர்களின் வாழ்த்தைச் சொன்னார்: “குளூக் அவுஃப்.” இறங்கியவன் நல்லபடியாக மேலே வர வேண்டும் என்று சொல்கிற வாழ்த்து. “இதை உன் அப்பாவுக்குச் சொல்” என்றார்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டேன். முள் சுவர், மாட்டுக்கு உப்பு, பம்பு, சறுக்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ‘ம்’ கொட்டிக்கொண்டே கேட்டார்.

“தண்ணி எத்தன டிகிரில எடுக்காங்க?”

“அவங்க சதவீதம் சொல்றாங்க. 26.5. நம்ம 25 டிகிரி கணக்குதான்ப்பா.”

“அப்பச் சரிதான்.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அப்ப அங்கயும் கடல்தான் இருந்திருக்கு.”

“ஆமாப்பா.”

பெரியவரின் வாழ்த்தைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது, ஏதோ அவசரமாகச் சொன்னாள். நாற்காலி நகரும் சத்தம்.

“எய்யா, கிழக்க மின்னுது. மேலப்பக்க அம்பாரம் இன்னும் மூடல. வைக்கட்டா?”

வைத்துவிட்டார்.